கடல் கொண்டதும் அரசு கொண்டதும்

புகார் நகரைக் கடல் கொண்ட கதையைத் தமிழ் பயின்ற மாணவர் யாவரும் அறிவர். நாகநாட்டு இளவரசி பீலிவளை பெற்ற குழந்தை, மணிபல்லவத்திலிருந்து வந்த கப்பல் உடைந்து கடலில் தொலைந்துபோக, மகனைத் தேடித் துயருற்ற சோழமன்னன் இந்திரவிழாவை மறந்தான். விழா மறந்த நகரைக் கடல் விழுங்கியது என்கிறது மணிமேகலை. அந்த மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்வாரும் உளர். இந்திரன் கோபித்தான் என்பதை இன்று எவரும் ஏற்கப்போவதில்லை. ஆயினும் சாத்தனார் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். பேரழிவு நேர்ந்தவுடன் மக்கள் கேட்கும் முதற் கேள்வி ‘கடல் ஏன் வந்தது?’ என்பதன்று, ‘அரசன் என்ன செய்துகொண்டிருந்தான்?’ என்பதே அது.

இக்கேள்வியை 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் பின் நாமும் கேட்டோம். அதற்குக் கிடைத்த விடை என்ன, அவ்விடை இலங்கையின் அரசியலை எவ்வாறு உருமாற்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரவெட்டி கடற்கரை ஊரன்று. வடக்கே பருத்தித்துறைக் கடலும் கிழக்கே மணற்காட்டுக் கடலும் சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளன. தெற்கே இருப்பது களப்பு மட்டுமே. அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள், திருவெம்பாவைக் காலம். விடியற்காலைச் சங்கும் சேமக்கலமும் ஓய்ந்து, ஊர் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில் சுமாத்திராத் தீவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடித் தரை பிளந்தது. அதன் அளவு 9.1 என்பது பின்னர் கணிக்கப்பட்டது. இங்கே நிலம் அதிர்ந்ததை நாம் எவரும் உணரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து நெல்லியடிச் சந்தியில் ஒரு செய்தி ஓடி வந்தது: “கடல் ஊருக்குள்ளை வந்திட்டுது!” சுனாமி என்ற சொல்லை அன்று நம்மிற் பெரும்பாலோர் கேட்டதில்லை. கடற்கோள் என்ற சொல் நமது இலக்கியத்தில் இருந்தது. ஆனால் அதை நாம் பரீட்சைக்குப் படித்த சொல்லாகவே வைத்திருந்தோம்.

நண்பகலுக்குள் ட்ரக்டர்களிலும் லொறிகளிலும் சைக்கிள்களிலும் மக்கள் உள்ளூர்களை நோக்கி வந்துசேர்ந்தனர். மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, செம்பியன்பற்று, தாளையடி எனத் தெற்கே நீளும் வடமராட்சி கிழக்குக் கரையில் வீடென்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே எஞ்சின. யாழ் மாவட்டத்தில் மாத்திரம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முல்லைத்தீவுப் பட்டினம் அழிந்தது. நாடு முழுவதிலும் இறந்தோரும் காணாமற் போனோரும் முப்பதாயிரத்தைத் தாண்டினர். எல்லா மாவட்டங்களையும்விட அதிக உயிர்களை இழந்தது அம்பாறை. அங்கு மாண்டவருட் பெரும்பகுதியினர் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள். தெற்கே பெரலியவில் அலையில் அகப்பட்ட ஒரு புகையிரதத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனக் கடல் தரம் பிரிக்கவில்லை என்று அன்று எழுதாத பத்திரிகை இல்லை. முதல் சில நாட்கள் அது உண்மையாகவும் இருந்தது. இராணுவத்தினரும் விடுதலைப் புலிகளும் சில இடங்களில் அருகருகே நின்று பிணங்களை அகற்றினர். தெற்கிலிருந்து சிங்கள மக்கள் அரிசியும் உடுபுடைவையும் ஏற்றிய லொறிகளை வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பினர். அந்த நாட்களை மிகைப்படுத்தவும் வேண்டா, ஏளனம் செய்யவும் வேண்டா. மக்கள் மனம் அவ்வாறிருந்தது என்பது வரலாற்றுச் செய்தி. அந்த மனத்தைத் தாங்கி நிற்க ஓர் அரசியல் அமைப்பு இல்லாமற் போயிற்று என்பதும் வரலாற்றுச் செய்தியே.

நிலநடுக்கம் தானாக எந்த ஆட்சியையும் மாற்றுவதில்லை. சுவரில் ஏற்கெனவே இருந்த வெடிப்பை அது பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. 1755இல் லிஸ்பன் நகரம் தரைமட்டமானபோது பொம்பால் என்ற அமைச்சர் நகரைக் கட்டியெழுப்பும் பணியோடு நாட்டின் கடிவாளத்தையும் கையில் எடுத்தார். நான்கே ஆண்டுகளில் ஜெசுயிட் துறவிகள் போர்த்துக்கலிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவா 1972 டிசெம்பரில் இடிந்தபோது உலகம் அனுப்பிய உதவியைச் சொமோசாவின் கூட்டம் கொள்ளையிட்டது. அதுவரை அவனோடு ஒத்துப்போன வணிக வர்க்கமும் அருவருத்து விலகிற்று. 1979இல் அவன் ஓடினான். 1970 நவம்பரில் கிழக்கு வங்கக் கரையைச் சூறாவளியும் கடற்பெருக்கும் அழித்தன. பூகம்பம் அன்றெனினும் அதனையும் இங்கே சேர்த்தெண்ணலாம். பாகிஸ்தானின் இராணுவ ஆட்சி காட்டிய அலட்சியத்துக்கு மறுமாதத் தேர்தலில் மக்கள் விடையளித்தனர்: கிழக்கிலிருந்த 162 பொதுத் தொகுதிகளில் 160 அவாமி லீக்கிற்குச் சென்றன. அடுத்த ஆண்டு பங்களாதேசம் பிறந்தது.

மறுபக்கமும் உண்டு. 1923 செப்டெம்பர் முதலாந் திகதி தோக்கியோ எரிந்தபோது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி எழுந்தது. ஆயிரக்கணக்கான கொரியத் தொழிலாளர் வீதிகளிற் கொல்லப்பட்டனர். அந்தக் குழப்பத்தினுள்ளே இராணுவப் பொலிசார் ஒசுகி சாக்காயே என்ற புரட்சியாளரையும் அவருடைய துணைவியார் இத்தோ நோயேயையும் கொன்றனர். மண் அதிர்ந்தால் மக்கள் விழித்தெழுவர் என்று நம்மிற் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். தோக்கியோவில் விழித்தெழுந்தது வேறொன்று.

இலங்கையின் சுவரில் அன்றிருந்த வெடிப்புகள் எவை? 2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்தம் பெயரளவில் நிலைத்திருந்தது. பேச்சுவார்த்தையை 2003 ஏப்ரிலிலேயே புலிகள் இடைநிறுத்தியிருந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் அவர்கள் முன்வைத்த இடைக்காலத் தன்னாட்சி அதிகாரசபை யோசனை தெற்கிற் புயலைக் கிளப்ப, சில நாட்களில் சனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 2004 மார்ச்சில் கருணா பிரிந்தார். கிழக்கில் தமிழரைத் தமிழர் கொல்லும் படலம் தொடங்கிற்று. ஏப்ரில் தேர்தலில் சந்திரிகாவின் கூட்டணி 105 ஆசனங்களைப் பெற்றது. அவற்றுள் 39 மக்கள் விடுதலை முன்னணியினுடையவை. தமிழர் சிக்கலில் எவ்வித விட்டுக்கொடுப்பையும் ஏற்காத ஒரு கட்சியின் தோளில் அமர்ந்து தமிழர் சிக்கலைத் தீர்க்க வேண்டிய நிலை அவருக்கு. நவம்பர் மாவீரர் தின உரை போருக்குத் திரும்பும் அறிகுறியாகவே கணிக்கப்பட்டது. ஒரு மாதங் கழித்துக் கடல் வந்தது.

பணமும் வந்தது. 2005 மே மாதம் கண்டியில் கூடிய உதவி வழங்கும் நாடுகளின் மாநாட்டில் ஏறக்குறைய முந்நூறு கோடி டொலர் வாக்களிக்கப்பட்டது. பணம் வந்தபோது ஒரு சிறிய கேள்வி எழுந்தது; பார்ப்பதற்கு அது நிருவாகக் கேள்வி: பட்டியலை எழுதுவது யார்?

நிவாரணம் பெற்ற எவரும் இக்கேள்வியின் பொருளை அறிவர். பட்டியலிற் பெயர் இருந்தால் அரிசி உண்டு, தகரம் உண்டு, வள்ளம் உண்டு. பெயர் இல்லையேல் நீ அலையில் அகப்பட்டதே இல்லை. பட்டியலை எழுதும் கை எதுவோ அதுவே அந்த மண்ணின் அரசு. கொழும்பு தானே எழுதவேண்டும் என்றது. தானே ஒரே அரசு என்பதால். கிளிநொச்சி தானும் எழுதவேண்டும் என்றது. தன் ஆளுகையில் நிலமும் நீதிமன்றமும் காவற்படையும் இருந்தமையால். சனவரியில் வந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் கொபி அனான் முல்லைத்தீவுக்குச் செல்லாமலே திரும்ப நேர்ந்தது. அழிந்த ஓர் ஊரைக் கண்ணாற் பார்ப்பதுகூட ஓர் அங்கீகாரமாகிவிடும் என்று அரசாங்கம் அஞ்சியது.

இழுபறியின் பின் பிறந்ததே ‘பொதுக் கட்டமைப்பு’. 2005 யூன் 24இல் அரசும் புலிகளும் கைச்சாத்திட்ட அந்த உடன்படிக்கை இன்று பலருடைய நினைவிலும் இல்லை. ஆகவே சிறிது விரித்துச் சொல்கிறோம். ஆறு மாவட்டங்களில், கடலிலிருந்து இரண்டு கிலோமீற்றர் அகலமான கரையோரப் பட்டைக்கு மட்டும் அது உரியது. மேலே ஓர் உயர்மட்டக் குழு. இடையில் கிளிநொச்சியில் இருந்து இயங்கும் பிராந்தியக் குழு. கீழே மாவட்டக் குழுக்கள். பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து இடம், முஸ்லிம்களுக்கு மூன்று, அரசாங்கத்துக்கு இரண்டு. தனியே ஒரு பிராந்திய நிதியம். வெறும் இரண்டு கிலோமீற்றர்ப் பட்டை! ஆனால் ஓர் இலங்கை அரசாங்கம் வடக்குக் கிழக்கின் அதிகாரத்தை எழுத்திற் பகிர்ந்துகொள்ள இணங்கிய அரிய சந்தர்ப்பங்களுள் அது ஒன்று. பண்டா-செல்வா உடன்படிக்கை கிழித்தெறியப்பட்ட 1958இன் நினைவுள்ளவர்களுக்கு அடுத்து நடந்தது புதுமையாக இருந்திராது.

கைச்சாத்துக்கு எட்டு நாட்கள் முன்னரே மக்கள் விடுதலை முன்னணி அரசாங்கத்திலிருந்து விலகியது. ஆட்சி பெரும்பான்மையை இழந்தது. கண்டியில் பிக்கு ஒருவர் உண்ணாவிரதம் இருந்தார். யூலை 15இல் உயர் நீதிமன்றம், கிளிநொச்சியைத் தலைமையிடமாகக் கொள்ளும் ஏற்பாட்டையும் பிராந்திய நிதியத்தையும் உள்ளிட்ட முக்கிய கூறுகளை இடைக்காலத் தடையால் நிறுத்திற்று. அதன்பின் எஞ்சியது தாள் மட்டுமே.

இவ்விடத்தில் நமது பக்கத்தையும் சொல்லாது விடலாகாது. அதிக உயிர்களைப் பறிகொடுத்த முஸ்லிம் மக்கள் அந்த உடன்படிக்கையில் கைச்சாத்திடும் தரப்பாக அழைக்கப்படவில்லை. குழுவில் மூன்று இடம் தந்துவிட்டோம், போதாதா என்ற தொனி தமிழர் நடுவே பரவலாகக் கேட்டது. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஒரு சமூகத்தைப் பார்த்து அவ்வாறு கேட்க நமக்கு என்ன உரிமை? கொழும்பு நம்மிடம் காட்டிய பெருந்தன்மையைத்தான் நாம் அவர்களிடம் காட்டினோம்.

மார்க்சின் பெயரை உச்சரித்துக்கொண்டே, பாதிக்கப்பட்ட மீனவனுக்கும் விவசாயிக்கும் பொதுவான ஒரு நிவாரண அமைப்பைத் ‘தாய்நாட்டைப் பிரிக்கும் சதி’ என்று வீதியில் இறங்கி எதிர்த்த தோழர்களைப் பற்றி என்ன சொல்வது? 1956இல் பொன். கந்தையாவைக் கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பிற் பாராளுமன்றம் அனுப்பிய தொகுதி பருத்தித்துறை; கரவெட்டியின் திண்ணைகளில் அந்நாளில் வளர்ந்த இடதுசாரி மரபு தெற்குத் தொழிலாளியைத் தோழன் என்று நம்பி வளர்ந்தது. அந்த நம்பிக்கைக்கு விழுந்த அடிகளில் இது கடைசியுமன்று, சிறியதுமன்று.

அதே காலத்தில் ஆச்சேயில் நடந்ததை நோக்குவோம். அங்கே மாண்டோர் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்தினும் அதிகம். அங்கும் 1976 முதல் ஒரு விடுதலை இயக்கம் போராடி வந்தது. 2003இல் அங்கே இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தது. கடல்கோள் நிகழ்ந்து ஒரு மாதத்தில் எல்சிங்கியில் பேச்சு ஆரம்பமாயிற்று. பின்லாந்தின் முன்னாள் சனாதிபதி அத்திசாரி நடுவராக இருந்தார். 2005 ஓகஸ்ட் 15இல் ஒப்பந்தம். இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. இந்தோனேசியா விரிவான தன்னாட்சியையும் உள்ளூர்க் கட்சிகள் அமைக்கும் உரிமையையும் வழங்கிற்று. இயக்கத்தைச் சேர்ந்த இர்வாண்டி யூசுப் என்பவர் அலை வந்த காலையில் பண்டா ஆச்சே சிறையில் இருந்தார். சிறை நீரில் மூழ்கிற்று. அவர் உயிர் தப்பினார். இரண்டு ஆண்டுகளில் அதே ஆச்சேயின் ஆளுநராக மக்கள் அவரைத் தெரிந்தெடுத்தனர்.

அந்த எல்சிங்கி ஒப்பந்தத்துக்கு மூன்று நாள் முன்னர், ஓகஸ்ட் 12இல், கொழும்பில் வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஒரே அலை, ஒரே காலை, ஏன் இந்த வேறுபாடு? ஆச்சே மக்கள் நம்மினும் நல்லவர் என்பதோ, யகார்த்தா கொழும்பினும் கருணை மிக்கது என்பதோ விடையாகாது. ஆச்சே இயக்கம் படைபலத்தில் ஏற்கெனவே நலிந்திருந்தது. கடலுக்கு முன்னரே இரகசியத் தொடர்புகள் தொடங்கியிருந்தன. சனாதிபதி யுதயோனோ மக்களால் நேரடியாகத் தெரிவாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. துணைச்சனாதிபதி யூசுப் கல்லா ஆளுங்கட்சிகளைக் கட்டுப்படுத்த வல்லவராயிருந்தார். இங்கேயோ புலிகள் தங்களைத் தோல்வியுற்றவராகக் கருதவில்லை. அரசோ தன் ஆயுளை எண்ணிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. அங்கே அழிந்தது ஏறக்குறைய முழுவதும் ஆச்சே. உலகத்தின் கண்ணெல்லாம் ஓரிடத்திற் குவிந்தது. இங்கே காலி, மாத்தறை, அம்பாந்தோட்டையும் அழிந்தன. ஆகவே தெற்கின் வாக்காளர் முன் வடக்கின் பங்கு ஒரு ‘தட்டிப்பறிப்பாக’ச் சித்திரிக்கப்பட எளிதாயிற்று. துயரம் பொதுவாயிருந்தமையே பங்கீட்டில் போட்டியை உண்டாக்கியது என்பது கசப்பான முரண்.

ஓகஸ்ட் இறுதியில் உயர் நீதிமன்றம் சந்திரிகாவின் பதவிக்காலம் அவ்வாண்டோடு முடிகிறதென்று தீர்ப்பளித்தது. பிரதமர் மகிந்த ராஜபக்ஷ மக்கள் விடுதலை முன்னணியுடன் செய்துகொண்ட தேர்தல் உடன்படிக்கையில் பொதுக் கட்டமைப்பை ஒழிப்பதும் ஒரு நிபந்தனை. சுனாமி நிதி தொடர்பாக அவர்மீது எழுந்த விசாரணையை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்நாளைய பிரதம நீதியரசர் தாம் அளித்த அத்தீர்ப்புக்காக 2014இல் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். மன்னிப்பு ஒன்பது ஆண்டு தாமதித்து வந்தது. 2005 நவம்பர் 17இல் நடந்த தேர்தலில் மகிந்த 50.29 வீத வாக்குகளைப் பெற்றார். பாதிக்கு மேல் அவருக்கு மிகுந்த வாக்குகள் முப்பதாயிரத்துக்கும் குறைவு. புலிகளின் பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 வீதம். கரவெட்டியின் வாக்குச்சாவடிகளில் அன்று அதிகாரிகளே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். வாக்களிக்காமை சிலருக்கு அரசியல் முடிவு. பலருக்கு அது அச்சம். முடிவு எதுவாயினும் அதன் விலையை இந்த மண்ணே கொடுத்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது, போர் மீண்டது, 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால்.

பூகம்பம் இலங்கையில் யுத்தத்தை உண்டாக்கிற்றா? இல்லை. யுத்தத்தைத் தவிர்க்க எஞ்சியிருந்த ஒரு வாயிலை எல்லோருமாகச் சேர்ந்து அடைத்துவிட்ட இடம் அது. அந்த வாயில் திறந்திருந்தால் எல்லாம் நலமாய் முடிந்திருக்கும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. இரு படைகளும் அந்த ஆண்டில் செய்த கொலைகளையும், அலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் படையிற் சேர்க்கப்படுகின்றனர் என்று எழுந்த குற்றச்சாட்டுகளையும் மறந்து பேசுவது நேர்மையன்று.

இனி, கடலிலிருந்து சற்று உள்ளே வருவோம். அரசாங்கம் வடக்குக் கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றரும் தெற்கில் 100 மீற்றரும் குடியிருக்கத் தடைசெய்யப்பட்ட வலயம் என்று அறிவித்தது. கரைவலை இழுப்பவன் தன் வாடியைக் கரையில் வைக்காமல் எங்கே வைப்பான்? அதே கரையில் உல்லாச விடுதிகளுக்கு வேறு நியாயம் பேசப்பட்டது. உள்ளே நிலம் வேண்டுமென்றால் உள்ளே நிலம் யாருடையது? இங்கேதான் எவரும் உரத்துப் பேச விரும்பாத கேள்வி தலைகாட்டுகிறது.

1934 சனவரியில் பிகார் பூகம்பம் நேர்ந்தபோது அரிசனச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தியடிகள், அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று திருநெல்வேலியிற் பேசினார். தாகூர் இதைக் கடுமையாக மறுத்தார். இயற்கை நிகழ்ச்சியை அறத்தோடு முடிச்சுப்போடுவது மூடநம்பிக்கைக்குத் துணைபோவதாகும் என்பது அவர் வாதம். காந்தியடிகள் அந்த மறுப்பைத் தமது பத்திரிகையிலேயே வெளியிட்டு விடையும் எழுதினார். நாம் தாகூரின் பக்கமே நிற்கிறோம். ஆனால் பூகம்பத்தின் காரணம் சாதி அன்றெனினும், பூகம்பத்தின் பின் நடந்ததில் சாதிக்குப் பங்குண்டு என்பதை நாகப்பட்டினம் காட்டிற்று. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அம்மாவட்டத்தில் தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், படகும் வலையும் இழந்தவருக்கு இழப்பீடு கிடைக்கக் கரையிற் கூலிவேலை செய்தவர் பட்டியலுக்கு வெளியே நின்றதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்தன.

நமது பக்கத்தில் அவ்வாறு இல்லை என்று மார்தட்டலாமா? அந்த டிசெம்பரில் வடமராட்சியின் உள்ளூர் ஒன்றிற்கு — பெயர் வேண்டா — ஈர உடையோடு வந்த கடற்கரைக் குடும்பங்களுக்குப் பாடசாலை திறந்தது, அடுப்புகள் மூண்டன, ஊரே சமைத்தது. மூன்றாம் நாள் பக்கத்துக் கோயிற் கிணற்றில் புதுக் கயிறும் வாளியும் தனியே தொங்கின. எவரும் எதுவும் சொல்லவில்லை. ‘அவைக்கு வசதியா இருக்கட்டும்’ என்று ஒருவர் முணுமுணுத்தார். கிணற்றில் நஞ்சு என்ற வதந்தி தோக்கியோவுக்கு மட்டும் உரியது என்று அதன்பின் நம்மால் நினைக்க முடியவில்லை.

வடமராட்சி கிழக்கில் புதுவீட்டுத் திட்டங்கள் எழுந்தன. சில வீடுகளுக்குக் கூரை ஏறுமுன்னரே போர் வந்தது. 2006க்குப் பின் அக்கரையின் மக்கள் இடம்பெயர்ந்து வன்னிக்குள் நெடுந்தூரம் சென்றனர். அலையில் உயிர் தப்பியவர்களுட் பலர் எறிகணையில் தப்பவில்லை. மீண்டு வந்தவர்கள் மீண்டும் மரக்கறித் தோட்டமும் கரைவலையுமாய் வாழ்கின்றனர்.

ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 26இல் உடுத்துறை நினைவாலயத்தில் மக்கள் கூடுகின்றனர். ஓராண்டு நாமும் போயிருந்தோம். கல்லறைகளின் வரிசையில் ஒரு முதியவர் நான்கு விளக்குகளை ஏற்றிவிட்டு ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அந்த நான்கு. ஐந்தாவது, அன்று கடலுக்குத் தப்பி, 2009இல் மாத்தளனுக்கப்பால் எங்கோ மறைந்த மூத்தவனுக்கு. “மாஸ்டர், இதை இஞ்சை வைக்கலாமோ? அவன் கடலிலை போகேல்லை. ஆராவது வந்து கேட்பினமோ?” என்றார்.

நாம் விளக்கை வாங்கி மணலைக் கூட்டி வைத்தோம். காற்றில் அது இரண்டு முறை அணைந்தது.